நிர்வாணம் முடிந்து 38 வருடம்: டாக்டரிடம் சொல்லாமல் விட்டது

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 61 வயது. திருநங்கை. விழுப்புரம் மாவட்டத்தில் தனியாக இருக்கிறேன். 19 வயதிலிருந்து மாலா-டி மாத்திரை தினம் இரண்டு, மூன்று என்று போட்டுவந்தேன். 23 வயதில் தாயம்மாவிடம் நிர்வாணம் செய்துகொண்டேன். ஆணுறுப்பையும் விரைகளையும் எடுத்துவிடுவதைத்தான் நாங்கள் நிர்வாணம் என்போம்; அதைச் செய்கிற மூத்த திருநங்கைதான் தாயம்மா. 41 வயதில் இடது கால் தூண் மாதிரி வீங்கி வலித்தது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டேன். 12 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். சமைக்க அலுப்பாக இருப்பதால் ராத்திரி பெரும்பாலும் சாப்பிடுவதில்லை. இரண்டு வருடமாக மூத்திரம் நூல் மாதிரிதான் வருகிறது, எரிகிறது, ராத்திரி ஐந்து முறை எழுந்திருக்கிறேன். பஸ்ஸில் அடக்க முடியாது என்பதால் போன இரண்டு சித்திரையும் கூவாகம் திருவிழாவுக்குப் போகவில்லை. ஆறு மாதம் முன்பு விடியற்காலையில் பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போடப் போன இடத்தில் எக்ஸ்ரே எடுக்கிற தம்பி, "வந்து பாருங்கடா" என்று இரண்டு பேரைக் கூப்பிட்டான். அதோடு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஹார்மோன் ஊசி போட்டால் தெம்பு வரும் என்கிறாள் என் சேலா, என்னைக் குருவாக ஏற்றுக்கொண்ட சிஷ்யை. போடலாமா? நான் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள அம்மா,

அந்த எக்ஸ்ரே அறையில் நடந்தது தப்பு. அதே தொழிலில் இருப்பவள் என்ற முறையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். திருநர்களுக்குச் சிகிச்சை மறுப்பதையும் சிகிச்சையில் பாரபட்சம் காட்டுவதையும் 2019-இல் வந்த சட்டமே தடை செய்கிறது. ஆனால் அவனால் நீங்கள் ஆறு மாதம் வைத்தியம் இல்லாமல் கிடந்தீர்களே, அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

ஊசிக்குப் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். 41 வயதில் உங்கள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தது பெரும்பாலும் ரத்தக் கட்டியாகத்தான் இருக்கும். மாலா-டி ஒரு மாத்திரையில் 0.03 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற பெண் ஹார்மோன் இருக்கிறது. குழந்தை வேண்டாம் என்கிற இளம் பெண்கள் தினம் ஒன்று போடுவதற்காகச் செய்த மாத்திரை அது. நீங்கள் இரண்டு, மூன்று என்று 22 வருடம் போட்டிருக்கிறீர்கள். இந்த மருந்து ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். காலில் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு யாரும் சொல்லாமலே நிறுத்தினீர்களே, அது உங்களைக் காப்பாற்றியது. இப்போது 61 வயதில், சர்க்கரையும் இருக்கும்போது, மெடிக்கல் ஷாப்பில் வாங்கி யாரோ போடுகிற ஊசி கூடவே கூடாது. உங்கள் சேலா பாசத்தில் சொல்கிறாள், தெரியும். அவளிடமும் இதைச் சொல்லுங்கள். அவள் என்ன மாத்திரை போடுகிறாள் என்றும் கேளுங்கள். ஹார்மோன் வேண்டுமென்றால் தோலில் தடவுகிற ஜெல் மாதிரி ஆபத்துக் குறைந்த வழிகள் இருக்கின்றன. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர்களுக்கென்றே கிளினிக் இருக்கிறது. அவள் அங்கே போய்க் கேட்கட்டும்.

சரி, இப்போது உங்கள் எலும்புக்கு வருகிறேன். நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்தால், எலும்பு தேய்ந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பு கெட்டியாக இருக்க ஆண் ஹார்மோனோ பெண் ஹார்மோனோ ஏதாவது ஒன்று வேண்டும். எதுவாக இருந்தாலும் எலும்புக்குப் பரவாயில்லை. நிர்வாணத்தில் விரைகள் போனதும் ஆண் ஹார்மோன் நின்றுவிட்டது. அதற்கப்புறம் மாலா-டிதான் எலும்பைத் தாங்கியது. அதையும் நிறுத்தியபின் இருபது வருடமாக உங்கள் எலும்புக்கு இரண்டுமே இல்லை. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆலோசனையும் சொல்கிறோம். அதே தேய்மானம் 41 வயதிலேயே ஆரம்பித்த உங்களுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

டெக்ஸா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுங்கள். படுத்திருந்தால் போதும், ஊசி கிடையாது, உடையைக் கழற்றச் சொல்வதும் அபூர்வம். கூடவே கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின் மூன்றும் ரத்தத்தில் பார்க்கட்டும். தேய்மானம் உறுதியானால் வாரம் ஒரு முறை சாப்பிடுகிற அலெண்ட்ரோனேட் மாத்திரை உண்டு. எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். கிட்னி சரியாக இருந்தால்தான் இதைத் தருவார்கள். அதனால்தான் கிரியாட்டினின் கேட்டேன்.

விழுந்தது ஏன் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். ராத்திரி சாப்பாடு இல்லை; ஆனால் உள்ளே கிளிமிபிரைடு இருக்கிறது. வயிறு காலியா நிறைந்திருக்கிறதா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது, சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் ஐந்தாவது முறையாக எழுந்து இருட்டில் நடக்கும்போது தலை சுற்றி விழுந்திருக்கலாம். அந்த நேரத்தில் வியர்த்ததா, கை நடுங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால் அது பெரும்பாலும் தாழ் சர்க்கரை. அடுத்த முறை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது இது. மாத்திரையை மாற்றவோ அளவைக் குறைக்கவோ அவர் முடிவு செய்வார். அதுவரை ராத்திரி இரண்டு இட்லியாவது, ஒரு தோசையாவது சாப்பிடுங்கள். மாற்று மருந்தாக டாபாகிளிஃப்லோசின் எழுதினால் மூத்திரக் கஷ்டத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். அது சர்க்கரையை மூத்திரத்தில் வெளியேற்றுகிற மருந்து. அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம்.

இந்த மூத்திர விஷயத்தில்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது நடந்தது இது. நடு ராத்திரி ஒரு வயதான திருநங்கை வந்தார். அடிவயிறு தொப்புள் வரை கல் மாதிரி. ஆண் வார்டா பெண் வார்டா என்று தகராறு வரும் என்று பயந்து இரண்டு நாள் வலியோடு வீட்டிலேயே இருந்திருக்கிறார். எங்களுக்கு டியூப் போடத் தெரியவில்லை. திறப்பு சுருங்கி அரிசி அளவுக்கு இருந்தது. கடைசியில் சீனியர் வந்து வயிற்றில் சின்னத் துளை போட்டு மூத்திரத்தை எடுத்தார். பாட்டிலில் ஒன்றரை லிட்டர் வரை ஏறியதை இப்போதும் மறக்க முடியவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்ற ஒரே சொல்தான் சொன்னார்.

நிர்வாணத்தில் மூத்திரத் திறப்பு வெறும் தழும்பின் நடுவே இருக்கும். தழும்பு வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். நூல் மாதிரி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பெரும்பாலும் அதுதான் காரணம். யூராலஜிஸ்ட் அதை விரித்துவிடலாம், சின்ன ஆபரேஷனில் சரிசெய்யவும் செய்யலாம். விட்டுவைத்தால் மூத்திரம் தேங்கி, தொற்று வந்து, கிட்னி வரை போகும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அல்லது மூத்திரம் சுத்தமாக நின்றுவிடுவது, இந்த மூன்றில் எது வந்தாலும் எந்த நேரமானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, பல திருநங்கைகளுக்கு இதை யாரும் சொன்னதில்லை. புராஸ்டேட் சுரப்பி நிர்வாணத்தில் போவதில்லை. தாயம்மா செய்தாலும் பெரிய ஆஸ்பத்திரியில் செய்தாலும் அது உள்ளேயேதான் இருக்கும். ஆண் ஹார்மோன் இல்லாததால் சுருங்கியிருக்கும், புற்றுநோய் வருவதும் அபூர்வம். ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் ரத்த டெஸ்ட் எடுத்தால் லேப் சீட்டில் 4 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கும். அது ஆண் ஹார்மோன் ஓடுகிற உடம்புக்கான கணக்கு. உங்களுக்கு 1-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். நீங்கள் திருநங்கை என்று தெரியாத டாக்டர், 2 என்ற எண்ணைப் பார்த்து "நார்மல்மா, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

இதனால்தான் சொல்கிறேன், நிர்வாணம் ஆனதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். எலும்பு, மூத்திரம், கால் வீக்கம் எல்லாவற்றுக்கும் சாவி அதில் இருக்கிறது. ஓபியில் பத்துப் பேர் நடுவே வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு சீட்டில் இப்படி எழுதி, டாக்டர் கையில் மட்டும் கொடுங்கள்:

"நான் திருநங்கை, வயது 61. 23 வயதில் நிர்வாணம். விரைகள் இல்லை, புராஸ்டேட் உண்டு. 22 வருடம் மாலா-டி சாப்பிட்டேன், 20 வருடமாக எந்த ஹார்மோனும் இல்லை. 41 வயதில் இடது கால் வீக்கம். சர்க்கரை 12 வருடம். ஆறு மாதம் முன்பு விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மூத்திரம் நூலாக வருகிறது. பரிசோதிக்கும்போது தயவுசெய்து கதவைச் சாத்துங்கள், தேவையில்லாதவர்கள் உள்ளே வேண்டாம்."

கடைசி வரியைச் சேர்க்கத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை. அப்புறம் சின்னதாக ஒன்று. 22 வருடம் ஹார்மோன் சாப்பிட்டிருப்பதால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்றும் அதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மருந்துச் சீட்டில் எழுதித் தீர்க்க முடியாது. ஆனால் இப்போதே செய்யக்கூடிய வேலைகள் சில இருக்கின்றன. திருநங்கை அடையாள அட்டை இல்லையென்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். 2008-இல் தமிழ்நாட்டில் நலவாரியம் வந்தது; 40 வயதைத் தாண்டிய ஆதரவற்ற திருநங்கைகளுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதியோருக்கான 14567 எண்ணை உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

முதியோர் இல்லங்களைப் பொறுத்தவரை மனம் திறந்து சொல்கிறேன். பெரும்பாலான இல்லங்களில் ஆண் பக்கம், பெண் பக்கம் என்று இரண்டுதான் உண்டு. திருநங்கை வந்தால் எங்கே படுக்கவைப்பது என்று அவர்கள் யோசித்ததே இல்லை. அதனால் படுக்கையில் விழுந்தபிறகு தேடாதீர்கள். நடமாடும்போதே இரண்டு இடங்களுக்கு நேரில் போய், "என்னைப் பெண்கள் பக்கம் சேர்ப்பீர்களா, குளிப்பாட்டுகிறவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்வீர்களா" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிறவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

குருவைக் கடைசிக் காலத்தில் சேலா பார்த்துக்கொள்வது உங்கள் ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் கூட்டத்தில், வழிவழியாக வருகிற உறவு. ரத்த உறவு அறுந்தவர்களுக்கு அதுதான் குடும்பம். ஆனால் ஐசியூ வாசலில் "நீங்கள் யார்?" என்று கேட்கும்போது அந்த உறவைக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். நினைவு தெளிவாக இருக்கும்வரை உங்கள் சிகிச்சைக்கு உங்கள் கையெழுத்துப் போதும். நினைவு தப்பும் நிலை வந்தால் யார் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். உயிர்காக்கும் கருவிகள் பற்றிய இந்த முன் உயிலை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, 2023-இல் எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து, போதும். நீங்கள் நம்புகிற சேலாவிடம் பேசி, அவள் பெயரை அதில் எழுதுங்கள். அவள் போன் நம்பரை உங்கள் சர்க்கரை நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதிவையுங்கள்.

டெஸ்டுகள் வந்ததும் கிரியாட்டினின், பிஎஸ்ஏ இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். திறப்பைச் சரிசெய்துவிட்டால் ராத்திரித் தொல்லை குறையும், பஸ்ஸில் உட்காரவும் முடியும். அடுத்த சித்திரைக்குக் கூவாகம் போகலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். அதுவரை கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு வாளி வையுங்கள், பாத்ரூம் வரை இருட்டில் நடக்க வேண்டாம். சுவிட்சு எட்டாத தூரத்தில் இருந்தால் ஒரு சின்ன நைட் லேம்ப் வாங்கி ராத்திரி முழுக்க எரியவிடுங்கள்.