இம்போர்ட் இரண்டாம் முறை ஓடாதது ஏன்?

ஒரு பைதான் ஃபைலை பைதான் செஷனுக்குள்ளிருந்தே எப்படி ஓட்டுவது, திருத்தியபின் இம்போர்ட் ஏன் மறுபடி ஓடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. >>> தெரியும் இடத்தில், அதாவது பைதான் செஷனுக்குள், பைதான் என்று அடித்து ஃபைல் பெயரைக் கொடுத்தால் சின்டாக்ஸ் எரர்தான் வரும். அது டெர்மினலில் அடிக்க வேண்டிய கட்டளை.

ஃபைலைத் திருத்தியபின் மறுபடி இம்போர்ட் செய்தும் பழையபடியே இருக்கிறது என்றீர்களே, அதற்குக் காரணம் வேறு. ஒருமுறை ஏற்றிய மாட்யூலை (இம்போர்ட் செய்த ஃபைலை) பைதான் சிஸ் மாட்யூலுக்குள் 'மாட்யூல்ஸ்' என்ற டிக்‌ஷனரியில் வைத்துக்கொள்ளும். அடுத்த இம்போர்ட்டில் ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இம்போர்ட்லிப் என்ற மாட்யூலில் உள்ள ரீலோட் ஃபங்ஷனிடம் அந்த மாட்யூலைக் கொடுங்கள், புதிதாக ஓடும். ஆனால் 'ஃப்ரம்' போட்டுத் தனியாக எடுத்த ஃபங்ஷன் பழையதாகவே நிற்கும். ரீலோடுக்குப் பின் அந்த வரியையும் மறுபடி அடிக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

மேலிருந்து கீழே ஓட வேண்டிய சாதாரண ஸ்கிரிப்ட் என்றால், ஓப்பனில் திறந்து, ரீட் செய்து, வந்த உரையை எக்ஸெக்கிடம் (உரையைக் கோடாக ஓட்டும் ஃபங்ஷன்) கொடுத்தால் போதும். (இதற்கென்று பைதான் 2இல் இருந்த எக்ஸெக்ஃபைல் பைதான் 3இல் கிடையாது.) விண்டோஸ் என்றால் ஓப்பனில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபைலில் உள்ள தமிழ் எழுத்து சிதையலாம். ஸ்கிரிப்டின் வேரியபிள்கள் நேராக உங்கள் செஷனில் வந்து விழும். அதே பெயரில் ஏற்கெனவே ஏதாவது வைத்திருந்தால் போச்சு. ஃபைலை நேரடியாக ஓட்டும்போது மட்டும் ஓடும்படி எழுதிய, இம்போர்ட்டில் ஓடாத 'மெயின்' பகுதியும் இதில் ஓடும்.

என்னைக் கேட்டால், டெர்மினலில் பைதான், ஒரு இடைவெளி, மைனஸ் ஐ, பிறகு ஃபைல் பெயர். ஸ்கிரிப்ட் பாதியில் எரர் அடித்து நின்றாலும் >>> வரும், அதுவரை உருவான வேரியபிள்களை அங்கேயே தட்டிப் பார்க்கலாம்.