மூன்று தோணியில் கால் வைக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் மீனவக் குடும்பத்தில் பிறந்த பட்டதாரி. திருமணங்களுக்குப் படமெடுத்துச் சம்பாதிக்கிறேன். என் சிறுகதைகள் இரண்டு சிற்றிதழ்களில் வந்துள்ளன. நண்பர்களுடன் சேர்ந்து 12 நிமிடக் குறும்படம் ஒன்றும் எடுத்திருக்கிறேன். “இரண்டு தோணியில் கால் வைத்தாலே ஆபத்து, நீ மூன்றில் வைக்கிறாய்” என்கிறார் அப்பா. எழுத்து, புகைப்படம், திரைப்படம் ஆகியவற்றில் ஒன்றைத்தான் நான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?
– வாசகர், பாம்பன்

பதில்: தம்பி, கடலை நம்பிப் பிழைத்தவரின் அச்சத்தை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஆயினும், நண்டுக்கு ஒரு வலை, சூடைக்கு ஒரு வலை, திருக்கைக்கு ஒரு வலை என்று ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு, காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து அன்றைக்கு எதை எடுப்பது என்று முடிவு செய்கிறவர்களும் கடலோடிகள்தாமே! நீங்கள் சொல்ல விரும்பும் வாழ்க்கை ஒன்றாக இருந்தால் நீங்கள் நிற்கும் தோணியும் ஒன்றுதான்; கருவிகள் மூன்றாக இருப்பதில் பிழை ஏதும் இல்லை.

உங்கள் கரையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள், பாறை கிழித்துவிடாமல் இருக்க விரல்களில் துணிக் கீற்றுகளைச் சுற்றிக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நிறம் போன அந்தத் துணியையும், அதன் ஓரத்தில் தெரியும் ஊறிச் சுருங்கிய விரல்நுனியையும் ஒரே ஒரு புகைப்படம் முழுமையாகச் சொல்லிவிடும். அதை நான்கு பக்கம் எழுதுவது வீண். ஆனால் அந்தப் பெண் மூச்சை அடக்கி மூழ்கியதிலிருந்து மேலே வரும்வரை, படகிலிருப்பவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தைப் புகைப்படம் தர முடியாது. வெட்டாமல் ஓடும் ஒரு காட்சிக்கே அந்த வலிமை உண்டு. அந்தத் துணி யாருடைய பழைய சேலையிலிருந்து கிழிக்கப்பட்டது, வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தில் இன்னும் எவ்வளவு அடைபடவில்லை, மகளை இந்தத் தொழிலுக்கு அனுப்பக் கூடாது என்று அவர் எந்த நாளில் முடிவெடுத்தார் என்பனவெல்லாம் கேமராவுக்குத் தெரியாது. அவை எழுத்தின் பங்கு. எந்தச் செய்தி எந்த வடிவத்தைக் கேட்கிறது என்று பிரித்தறியும் இந்தப் பழக்கமே, மூன்றிலும் இயங்க விரும்புகிறவருக்கு முதல் பயிற்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன். படமெடுக்கும் முன் அந்தப் பெண்களின் சம்மதத்தைக் கேட்பதும், எடுத்ததை அவர்களிடம் காட்டுவதும் அந்தப் பயிற்சியில் அடங்கும்.

ஆக்னஸ் வர்தா என்னும் பிரெஞ்சு இயக்குநர் இந்த வழியில் நடந்தவர். நாடக அரங்கம் ஒன்றின் புகைப்படக் கலைஞராக இருந்த அவர், பதின்ம வயதில் தாம் வாழ்ந்த, தென் பிரான்சிலுள்ள செத் துறைமுகத்துக்குத் திரும்பிச் சென்று, அங்குள்ள மீனவர் குடியிருப்பின் மக்களை அவர்களாகவே நடிக்கவைத்துத் தம் முதல் படத்தை எடுத்தார், கதையும் அவருடையதே. 1955இல் அது வெளிவந்தபோது அவர் திரைப்படப் பள்ளியில் ஒரு நாள்கூடப் படித்திருக்கவில்லை. அமெரிக்கரான கார்டன் பார்க்ஸ், 1948இல் ‘லைஃப்’ இதழில் புகைப்படக் கலைஞராகச் சேர்ந்தார். அவருடைய நாவல் 1963இலும், அந்த நாவலைத் தாமே இயக்கிய படம் 1969இலும் வெளிவந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று உங்கள் அப்பாவிடமும் சொல்லுங்கள்.

திருமண வேலையைத் தாழ்வாக எண்ண வேண்டாம்; மற்ற இரண்டுக்கும் சோறு போடுவது அதுதான். ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் இரா. தவக்காலத்தில் தேவாலயத் திருமணங்கள் அரிது. ரமலானில் கீழக்கரைப் பக்கமும் வேலை குறையும். இந்த இடைவெளிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துவைத்து, எழுதுவதற்கும் படத்தொகுப்புக்கும் ஒதுக்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலையைப் பழுதுபார்த்தபடி பெரியவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயலைக் கண்ணால் கண்டவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துவருவதால், அவர்களுடைய குரலைப் பதிவு செய்வதை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஒரு நிறுவனத்துக்குக் கூலிக்கு எடுத்துக் கொடுத்த படங்களை, என்னைக் கேட்காமல் நாட்காட்டியிலும் அச்சிட்டுவிட்டார்கள். கேட்டால், “அதற்குத்தான் காசு கொடுத்தாயிற்றே” என்கிறார்கள். எனக்கு உரிமை இல்லையா?
– வாசகி, கீழக்கரை

பதில்: உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் சட்டம் உங்களுக்குச் சாதகமாக இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். அந்த ‘வேறு உடன்பாடு’தான் உங்களுக்குக் காப்பு. படங்கள் எதற்கு, எவ்வளவு காலத்துக்குப் பயன்படும், உரிமை யாரிடம் இருக்கும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, இருவரும் கையொப்பமிட்ட பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள். சிறுகதையின் திரைப்பட உரிமையை எழுதிக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். அந்தப் பத்திரத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: மன்னார் வளைகுடாத் தீவு ஒன்றில் குறும்படம் எடுக்க விரும்புகிறோம். நாட்டுப்படகில் போய் எடுத்துவிட்டு வந்துவிடலாமா?
– கல்லூரி மாணவர்கள், தொண்டி

பதில்: கூடாது. அங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் கால் வைக்கவே முடியாது. இராமநாதபுரத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால், காவல்துறையைக் கேட்காமல் டிரோனைப் பறக்கவிட வேண்டாம். உங்கள் கதைக்குத் தீவு கட்டாயமாகத் தேவைதானா என்றும் ஒரு முறை பேசிப் பாருங்கள். தொண்டியிலிருந்து சிறிது தூரத்தில் காரங்காடு இருக்கிறது. அதன் அலையாத்திக் காட்டு ஓரத்தில், விடியற்காலை ஒளியில், உங்களுக்கு வேண்டிய தனிமை கிடைக்கக்கூடும்.