வீட்டுக் குடிநீருக்கு ஆர்.ஓ. அவசியமா, யு.வி. போதுமா?

முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள், இயந்திரம் அப்புறம். டிடிஎஸ் எனப்படும் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் சுவைக்குக் குறையில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நீருக்கு, நுண்சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. பெரும்பாலும் வீண் செலவு. ஒரு குடம் நல்ல நீருக்காக அதைவிட அதிகமான நீரைச் சாக்கடைக்கு அனுப்பும் இயந்திரங்கள் உண்டு!

குளோரின் வாடைக்குக் கரி வடிகட்டி, கிருமிக்கு யு.வி. எனப்படும் புற ஊதா ஒளி போதும். ஆனால் கலங்கல் நீரில் யு.வி. எடுபடாது; மண்துகளின் நிழலில் கிருமி தப்பித்துவிடும். முன்னால் ஒரு வண்டல் வடிகட்டி வேண்டும்.

உப்பு 1000ஐத் தாண்டினாலோ, ஆய்வகச் சோதனையில் ஃபுளோரைடு, நைட்ரேட் மிகுந்திருந்தாலோ ஆர்.ஓ.தான் சரி. விற்பனையாளர் நீட்டும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது கிருமியைக் காட்டாது, ஃபுளோரைடையும் தனியே பிரித்துச் சொல்லாது. வடிகட்டி, சவ்வு மாற்ற ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.