ஆங்கிலச் சொற்களின் ப்ரிஃபிக்ஸ் (முன்னொட்டு), சஃபிக்ஸ் (பின்னொட்டு) பட்டியலை மனப்பாடம் செய்தும் போட்டித் தேர்வில் தப்பாகிறதே, எப்படிப் படிப்பது?

முதலில் அந்தப் பட்டியலைத் தள்ளி வையுங்கள். அண்ணா நகர் கோச்சிங் சென்டர்களில் கைக்கு வரும் ஜெராக்ஸ் தாளில் ‘அன், இன், டிஸ் வந்தால் எதிர்ப்பதம்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

பார்க்க வேண்டியது சொல்லின் வாலை. அது பெயர்ச்சொல்லா, வினையா, பெயரடையா என்பதைப் பின்னொட்டுதான் முடிவு செய்யும். முன்னொட்டு பெரும்பாலும் பொருளை மட்டும் மாற்றும். எனேபிள், என்லார்ஜ் இரண்டிலும் வரும் ‘என்’ விதிவிலக்கு, பெயரடையை வினையாக்கிவிடும்.

இர்ரெஸ்பான்சிபிலிட்டி என்ற சொல்லை உரித்துப் பாருங்கள். கடைசியில் ‘இட்டி’ இருப்பதால் பெயர்ச்சொல். அதை எடுத்தால் இர்ரெஸ்பான்சிபிள், பெயரடை. இட்டி சேரும்போது கடைசி ‘எல், இ’ போய் ‘ஐ, எல்’ வருவதைக் கவனியுங்கள். ஸ்பெல்லிங் கேள்வி இங்கேதான் விழும். தலையில் நிற்கும் ‘இர்’ தனி ஒட்டே இல்லை, ‘இன்’தான். அடுத்து ஆர் வந்ததால் திரிந்திருக்கிறது, அதனால்தான் இரண்டு ஆர். எல் வந்தால் இல்லீகல். பி, எம் வந்தால் இம்பாசிபிள், இம்மெச்சூர். மரமும் கள்ளும் சேர்ந்து மரங்கள் ஆகிற அதே புணர்ச்சி. ‘அன்’ மட்டும் எதற்கும் மசியாது: அன்லக்கி, அன்ரியல்.

எங்கே அன், எங்கே இன் என்பதற்கு முழு விதி கிடையாது. ஆனால் மதிப்பெண் போகிற இடம் ஒன்று உண்டு. பெயரடையில் அன்ஏபிள், அன்ஜஸ்ட், அன்ஈக்வல், அன்ஸ்டேபிள். பெயர்ச்சொல்லானால் இன்எபிலிட்டி, இன்ஜஸ்டிஸ், இன்ஈக்வாலிட்டி, இன்ஸ்டெபிலிட்டி. ‘அன்’ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. ‘இன்’ லத்தீன், பிரெஞ்சு வழி வந்தது. இந்தப் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை இன்னோடு சேர்ந்தே வந்திறங்கியவை. இவற்றை ஜோடி ஜோடியாகத்தான் படிக்க வேண்டும். நெஸ் சேர்ந்தால் கவலையில்லை, அன் அப்படியே நிற்கும்: அன்ஹாப்பினஸ்.

ஸ்பெல்லிங்கில், முன்னொட்டு அடிச்சொல்லின் எழுத்தைத் தொடாது. டிஸ்ஸோடு அப்பாயிண்ட் சேர்ந்தால் எஸ் ஒன்று, பி இரண்டு. மிஸ்ஸோடு ஸ்பெல் சேர்ந்தால் எஸ் இரண்டு. பின்னொட்டு அப்படி விடாது. ஹாப்பியின் ஒய், ஹாப்பினஸில் ஐ ஆகிவிடும். யூஸின் இ, யூசபிளில் போய்விடும். நோட்டீசபிள், சேஞ்சபிள் போன்றவற்றில் மட்டும் இ இருக்கட்டும். எடுத்தால் சி, ஜி இரண்டும் ‘க’ ஒலிக்குப் போய்விடும்.

உச்சரிப்பிலும் வால்தான் ஆட்டிவைக்கிறது. போட்டோகிராஃபில் அழுத்தம் முதல் அசையில், போட்டோகிராஃபியில் இரண்டாவதில், போட்டோகிராஃபிக்கில் மூன்றாவதில். நெஸ், ஃபுல், லெஸ் அழுத்தத்தை நகர்த்தாது.

கண்ணை மூடிக்கொண்டு விதியைப் போடக் கூடாத சொற்களும் உண்டு. டிரைவர் ஆள், குக்கர் பாத்திரம். சமைக்கிறவர் வெறும் குக். மணலிப் பக்கம் போகும் பெட்ரோல் டேங்கரில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று இருந்தால் எளிதில் தீப்பிடிக்கும் என்று பொருள். அங்கே ‘இன்’ எதிர்மறை இல்லை. ஃப்ளேமபிளுக்கும் அதே பொருள்தான், ஆகவே ஆப்ஷனில் எதிர்ப்பதம் கேட்டால் நான்ஃப்ளேமபிளைத் தேர்ந்தெடுங்கள்.