வாசகர் கேள்வி: எட்டு மாத விசாவும் ஒரே முதலாளியும்

கேள்வி: லீமிங்டனில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒளிரும் மேலங்கி அணிந்த மெக்சிகோத் தொழிலாளர்கள் சைக்கிள்களில் வரிசையாகக் கடைத்தெருவுக்கு வந்ததைக் கண்டேன். பசுமைக்குடில்களில் ஆண்டுதோறும் உழைக்கும் இவர்களுக்குக் கனடாவில் நிரந்தர வதிவுரிமை ஏன் கிடைப்பதில்லை? இலங்கையிலுள்ள என் தம்பி இவர்களைப் போல் வேலைக்கு வரலாமா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: அவர்களில் பலர் பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டத்தில் வந்தவர்களாக இருக்கக்கூடும். 1966இல் ஜமேக்காவிலிருந்து 264 பேரை ஒன்ராறியோவுக்கு அழைத்துத் தொடங்கிய இத்திட்டத்தில், 1974இல் மெக்சிகோ சேர்ந்தது. ஓராண்டில் எட்டு மாதங்களுக்கு மேல் தங்க இயலாது. டிசம்பர் 15க்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். ஆண்டு தவறாமல் தேவைப்படும் வேலையைச் சட்டம் இன்னும் தற்காலிக வேலையாகவே கருதுவதால், இருபது பருவங்கள் வந்து போனவருக்கும் வதிவுரிமைக்கான வழி திறப்பதில்லை. இத்துறைத் தொழிலாளர்களுக்கு வதிவுரிமை வழங்க 2020இல் தொடங்கி 2025இல் முடிவடைந்த வேளாண் உணவுத்துறை முன்னோடித் திட்டமும் பருவகால வேலையை ஏற்கவில்லை.

இதைவிட என்னை வருத்துவது, வேலை அனுமதிப்பத்திரத்தில் முதலாளியின் பெயர் எழுதப்பட்டிருப்பதுதான். தங்குமிடமும் அவருடையது, அடுத்த ஆண்டு யார் வரவேண்டும் என்று பெயர் குறித்துக் கேட்பவரும் அவரே. தக்காளிப் பெட்டிகளைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட ஒருவர், வலியைச் சொன்னால் அடுத்த பருவத்தில் தம் பெயர் விடுபட்டுவிடுமோ என்று அஞ்சி, வாய் திறவாமல் மறுநாளும் வேலைக்குப் போவதில் வியப்பில்லை. துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் வேறிடத்தில் வேலை செய்ய 2019 முதல் திறந்த அனுமதி உண்டு. ஆனால் அதற்கான சான்றுகளை, ஆங்கிலம் அறியாதவர் முதலாளியின் விடுதியிலிருந்தபடியே திரட்டுவது எளிதன்று. 2023இல் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டோமோயா ஒபோகாட்டா, கனடாவின் தற்காலிகத் தொழிலாளர் திட்டங்களைத் தற்கால அடிமைமுறைகளின் விளைநிலம் என்றே குறிப்பிட்டார். அனுமதியை ஒரு முதலாளிக்கு என்றில்லாமல் விவசாயத் துறை முழுமைக்குமாக வழங்கினாலே இந்த அச்சத்தில் பெரும்பகுதி நீங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தங்கள் தம்பி இத்திட்டத்தில் வர இயலாது. மெக்சிகோவுக்கும் பதினொரு கரீபிய நாடுகளுக்கும் மட்டுமே இது உரியது. எந்நாட்டவரையும் 24 மாதங்கள் வரை அமர்த்த இடமளிக்கும் விவசாயப் பிரிவு, கனடாவின் தற்காலிகத் தொழிலாளர் திட்டத்தில் தனியாக உண்டு. அதிலும் ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது விதி. ஆகவே, யாரேனும் முகவர் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று தம்பிக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.