பழைய பாய்மரப் படகில் சுடுதண்ணீர்: கீசர் வேண்டாம், வடிகாலைப் பாருங்கள்

கேள்வி: திருகோணமலையில் 31 அடி பைபர் பாய்மரப் படகு ஒன்றை வெளிநாட்டவர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். 1980களில் கட்டியது. யன்மார் 2ஜிஎம்20 எஞ்சின், 100 அம்பியர்-மணி ஈய-அமில பற்றரி இரண்டு, 120 லீற்றர் தண்ணீர்த் தாங்கி. சீசனில் நாலைந்து பேரை நிலாவெளிப் பக்கம் கூட்டிப்போகிறேன். குளிக்க வசதி உண்டா என்று கேட்கிறார்கள். மாரி காலத்தில் நானும் அப்பாவும் படகிலேயே தங்குவோம். அவருக்கு மூட்டுவலி, சுடுதண்ணீர் இல்லாமல் முடியாது. வீட்டுக்கு வாங்கிய 15 லீற்றர் மின் கீசர் ஒன்று பெட்டியோடு கிடக்கிறது. இன்வேர்ட்டர் வைத்து அதையே பூட்டலாமா?

பதில்: பூட்ட வேண்டாம். வீட்டுக் கீசர் பெரும்பாலும் 2000 வாற்ஸ் இழுக்கும். 12 வோல்ற் பற்றரியிலிருந்து அதைக் கொடுப்பதென்றால் 170 அம்பியருக்கு மேல் போகும். அந்த அளவுக்குத் தடித்த வயர் உங்கள் படகில் ஸ்டார்ட்டருக்குத்தான் இருக்கும். 15 லீற்றரை ஒரு தடவை 60 பாகைக்குச் சுடவைக்க ஏறக்குறைய 50 அம்பியர்-மணி வேண்டும். ஈய-அமில பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். அப்படிப் பார்த்தால் ஒரு முழுப் பற்றரியும் அப்பாவின் ஒரு குளியலுக்கே போய்விடும். பிறகு இரவில் நங்கூர விளக்கை எதில் எரிப்பது?

படகில் சுடுநீர் என்று தேடினால் கிடைக்கும் விவரமெல்லாம் குளிர்நாட்டுக்காரர் தங்களுக்காக எழுதியது. அங்கே தாங்கியில் 10 பாகைத் தண்ணீர் இருக்கும். எங்கள் ஊரில் 28, 29 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிக்க 39 பாகை தாராளம். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளும் 40 பாகைக்கு முன்பின்தான். அங்கே முதல் வாளியை ஊற்றும்போதே ஆட்கள் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே நீங்கள் ஏற்ற வேண்டியது வெறும் 10 பாகை. அதற்கு ஒரு கேத்தல் போதும்: ஒரு லீற்றர் கொதிதண்ணீரை ஆறு லீற்றர் தாங்கித் தண்ணீரில் கலந்தால் ஏழு லீற்றர், 39 பாகையில் கையில் இருக்கும். நனைத்து, நிறுத்தி, சவர்க்காரம் போட்டு, அலசுகிறவருக்கு ஏழு லீற்றர் மிச்சம்கூட வரும்.

இதை ஷவராக்க, வயலுக்கு மருந்தடிக்கும் கைப்பம்பி ஒன்று வாங்குங்கள். புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஒரு தடவை மருந்து போட்டதை எத்தனை முறை கழுவினாலும் உடம்புக்குப் பாவிக்கக் கூடாது. நுனியிலுள்ள தெளிப்பானைக் கழற்றிவிட்டு, குமிழை அழுத்தினால் மட்டும் தண்ணீர் வரும் சிறிய கை ஷவரைப் பொருத்துங்கள். ஹார்ட்வெயார் கடையில் கழிப்பறைக்கென்று விற்கிறார்களே, அதேதான். பளபளப்பான குரோம் பூச்சை விட பிளாஸ்டிக் நல்லது, கடற்காற்றில் குரோம் சீக்கிரம் உரிந்துவிடும். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, கொதிதண்ணீரைக் கடைசியில் சேருங்கள். மாறிச் செய்தால் வாசர் இளகி, மூடி வழியாகக் கசியும். நாலைந்து தடவை அடித்தால் அழுத்தம் காணும். அப்பாவை ஒரு ஸ்டூலில் இருத்திவிட்டு, ஷவரை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

இனித்தான் உண்மையான வேலை. அப்பா உள்ளே குளித்த தண்ணீர் எங்கே போகும்?

பழைய படகுகள் பலவற்றில் கழிப்பறையின் தரைத் தட்டிலுள்ள ஓட்டை நேரே அடிப்பள்ளத்துக்கு, அதாவது பில்ஜுக்கு, இறங்கும். அப்படியே விட்டால் சவர்க்கார நுரையும் தலைமயிரும் எஞ்சினடி எண்ணெயோடு சேர்ந்து பசைபோல் ஒட்டும். தண்ணீர் ஏறினால் பில்ஜ் பம்பைத் தானாக ஓடவைக்கும் மிதவை சுவிட்சை அது பிடித்துக்கொண்டால், படகு உண்மையாகவே தண்ணீர் எடுக்கும் நாளில் பம்ப் ஓடாது. நாற்றத்தைப் பொறுத்தாலும் இதைப் பொறுக்க முடியாது. அந்த ஓட்டையை முதலில் பில்ஜிலிருந்து பிரித்துவிடுங்கள்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, தட்டுக்குக் கீழே வடிகட்டியுடன் கூடிய சின்னப் பெட்டி, அதற்குள் மிதவையும் பம்பும். இப்படித் தயாராகவே விற்கிறார்கள். ஆனால் உங்கள் அளவுப் படகில் தட்டுக்குக் கீழே அதற்கு இடம் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். மற்றது, தட்டிலிருந்தே நேராக உறிஞ்சும் டயபிரம் (ரப்பர் சவ்வு) வகைப் பம்ப். விலை கூட. ஆனால் காற்றை இழுத்தாலும் பழுதாகாது, மயிரும் தடுக்காது, எட்ட உள்ள அலுமாரிக்குள்ளும் வைக்கலாம். என்னைக் கேட்டால் இதையே சொல்வேன். மிதவை எதுவும் வேண்டாம், சாதாரண சுவிட்ச் போதும். குளிக்கிறவர் தானே போட்டு, தானே நிறுத்தட்டும். வெளியேற்றும் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே விடுங்கள். படகு சரிந்து ஓடும்போது அந்த ஓட்டை தண்ணீருக்குள் போகும் என்பதால் குழாயை உள்ளே உயர வளைத்து, அதன் பிறகு இறக்குங்கள். ஓட்டையில் மூடும் வால்வும் இருக்கட்டும்.

பம்ப் வாங்க முன் ஒரு சோதனை. திருப்புளியின் கைப்பிடியால் கழிப்பறைச் சுவர்ப் பலகையைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஒட்டுப்பலகை 'டக்' என்று கேட்கும். உக்கியது மந்தமாக, சத்தமே எழாமல் இருக்கும். தட்டும் சுவரும் சந்திக்கும் மூலையையும், பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகள் இறங்கும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். உப்புநீர் மரத்தை ஓரளவு காப்பாற்றும். மழைநீரும் குளியல்நீருமான நன்னீர்தான் உக்க வைக்கும். நாற்பது வருசப் படகில் இந்தப் பலகை சிலவேளை பாய்மரத்தின் பாரத்தையே தாங்கிக்கொண்டிருக்கும். மந்தமான சத்தம் கேட்டால் குளியல் யோசனையைத் தள்ளிவைத்துப் பலகையைப் பாருங்கள். நல்லதாக இருந்தால் விளிம்புகளுக்கு பொலியூரித்தேன் சீலன்ற் பூசிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

எஞ்சின் சூட்டில் தண்ணீர் சுடவைக்கும் தாங்கியைப் பற்றி யாராவது நிச்சயம் சொல்வார்கள். நல்ல முறைதான், ஆனால் உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தாது. பெயர்த் தகட்டைப் பாருங்கள். 2ஜிஎம்20எஃப் என்று இருந்தால் உள்ளே கூலன்ற் சுற்றும் எஞ்சின், அதில் இணைக்கலாம். நீங்கள் எழுதியபடி எஃப் இல்லாவிட்டால் அது கடல்நீரையே உள்ளே சுற்றவிடும் வகை. உப்புப் படியாமலிருக்க அது குறைந்த சூட்டில்தான் ஓடும், ஆகவே தாங்கிக்குப் பெரிதாகச் சூடு வராது. தாங்கிக்குள் சூட்டைக் கொண்டுவரும் சுருள்குழாயில் உப்பு அடைத்தால் எஞ்சினுக்குப் போகும் தண்ணீரும் குறையும். குழாய் ஒன்று கழன்றால் எஞ்சின் பம்பே கடலைப் படகுக்குள் இறைக்கும். தகட்டில் எஃப் இருக்கிறதென்று கண்டால், கூலன்ற் நிரப்பும் மூடிக்குக் கீழ் மட்டத்தில் தாங்கியை வைத்து, பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் கலவை வால்வு கட்டாயம் போடுங்கள். அந்தத் தண்ணீர் 80 பாகை வரை போகும், வயதானவரின் தோல் ஒரு நொடியில் வெந்துவிடும்.

சமையல் காஸில் ஓடும் உடனடி ஹீற்றரை மறந்துவிடுங்கள். கசிந்த காஸ் காற்றை விடப் பாரமானது, பில்ஜில் போய்த் தேங்கும். எரிந்தால், மூடிய சிறு அறையில் காபன் மொனொக்சைட்டு ஆளை மயக்கிக் கொல்லும்.

சரி, சீசன் ஆட்கள். அவர்களுக்குச் சுடுதண்ணீரே தேவையில்லை, உப்பைக் கழுவ நன்னீர் போதும். இருக்கும் அழுத்தப் பம்பிலிருந்து ஒரு கிளை எடுத்து, பின்புறம் ஏணிக்குப் பக்கத்தில் அதே மாதிரிக் கை ஷவரை வையுங்கள். தண்ணீர் தானாகவே கடலுக்குப் போய்விடும். பம்ப் நிமிடத்துக்கு 10 லீற்றர் தள்ளுமென்றால் உங்கள் தாங்கி 12 நிமிடத்தில் காலி, ஆகவே கிளையில் ஒரு வால்வு போட்டுக் கால்வாசிக்குத் திருகிவிடுங்கள். பாவித்து முடிந்ததும் பம்ப் சுவிட்சை நிறுத்தும் பழக்கம் வேண்டும். இந்த மலிவு ஷவர்களின் குழாய் ஓயாத அழுத்தத்தில் வெடிக்கும், வெடித்தால் முழுத் தாங்கியும் போய்விடும். கச்சான் காற்று வீசும் வெயில் நாளில் படகின் மேல்தளத்தில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வரும் தண்ணீர் சுடும், அதை வாளியில் விட்டுவிட்டே ஆட்களிடம் கொடுங்கள். புறாத்தீவுப் பக்கம் நிற்கும்போது சவர்க்காரத்தையும் ஷாம்பூவையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அது 2003இலிருந்து தேசியப் பூங்கா, கீழே இருப்பது பவளப்பாறை. நுரை போட்டுக் குளிப்பதைக் கரைக்குப் போய் ஹோட்டலில் வைத்துக்கொள்ளட்டும்.