கையெழுத்துக்கு முன் கேசட் அட்டையைத் தேடுங்கள்

கேள்வி: 1996இல் நானே எழுதி, மெட்டமைத்துப் பாடிய பாட்டு கேசட்டாக வந்தது. இப்போது ஓர் இளைஞரின் ராப் பாட்டில் அதன் நான்கு விநாடி, என் குரலோடு திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஏழு விநாடிக்குள் என்றால் கேட்க முடியாது என்கிறார்கள். ஏஜெண்ட் ஒருவர் பணம் வாங்கித் தருவதாக ஒப்பந்தம் நீட்டுகிறார். கையெழுத்துப் போடலாமா? – வாசகர், யீஷூன்

பதில்: போடாதீர்கள். காரணம் கடைசியில்.

ஏழு விநாடிக் கணக்கு கட்டுக்கதை. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அப்படியோர் எண்ணே கிடையாது. எடுத்தது பாட்டின் முக்கியமான பகுதியா என்றுதான் பார்ப்பார்கள். திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டதே அதன் அருமையைக் காட்டிக்கொடுக்கிறது. கில்பர்ட் ஓ'சல்லிவனின் 1972 பாட்டை ராப் பாடகர் பிஸ் மார்க்கி அனுமதியின்றி எடுத்த வழக்கில், 1991இல் நியூயார்க் நீதிபதி 'திருடாதே' என்ற பைபிள் வாக்கோடுதான் தீர்ப்பையே தொடங்கினார். அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் முன்கூட்டியே அனுமதி கேட்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் இறுகியது.

உங்களிடம் இரண்டு சொத்துகள் இருக்கலாம். வரிகளும் மெட்டும் ஒன்று; எழுதிக் கொடுத்துவிடாதவரை அது உங்களுடையது, உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 ஆண்டுகள். ஒலிப்பதிவு மற்றொன்று. அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

1987 பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து ஒலிப்பதிவு செய்யச் சொன்னவரே அதன் உரிமையாளர். 2021 நவம்பர் 21 முதல் அது தலைகீழானது: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிவு செய்தவருக்கே உரிமை. உங்களுக்குப் பழைய விதிதான். ஆகவே அன்று ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுத்தது யார்? நீங்கள் என்றால் உங்களுடையது. கேசட் கம்பெனி என்றால் அவர்களுடையது. கோயில் விழாவுக்காக நிர்வாகக் குழு கொடுத்திருந்தால் அவர்களுடையது. நீங்கள் பாடியதால் மட்டும் அது உங்களுக்கு வந்துவிடாது. ரசீது இருக்கிறதா பாருங்கள். கேசட் பெட்டிக்குள் மடித்து வைத்த அட்டையில், பாட்டுப் பட்டியலுக்குக் கீழே, வட்டத்துக்குள் 'பி' (P) என்ற ஆங்கில எழுத்து பொடியாக இருக்கும். பக்கத்தில் யார் பெயர்? அது முடிவான சாட்சியன்று, நல்ல தடயம். ஒலிப்பதிவு பிறருடையதாக இருந்தாலும் நீங்கள் வெறுங்கையர் அல்லர். ராப் பாடகருக்கு இரண்டு அனுமதியும் வேண்டும்.

பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக உரிமைத்தொகை வசூலிக்கும் காம்பாஸ் (COMPASS) சங்கத்தின் உறுப்பினர் என்றால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள். ஆனால் ஒலிப்பதிவு விவகாரம் அவர்கள் வேலையன்று.

இனி ஏஜெண்ட். 'வசூலித்துத் தருகிறேன்' என்பது முதல் பக்கம். மூன்றாம் பக்கத்தில் 'எல்லா உரிமைகளையும் மாற்றித் தருகிறேன்' என்று நீங்களே சொல்வதாக ஒரு வரி இருக்கும். எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால் அது செல்லும். இன்னொரு கூட்டம் பதிப்புரிமைப் 'பதிவுச் சான்றிதழ்' விற்கிறது. சிங்கப்பூரில் பதிப்புரிமைக்குப் பதிவேடே கிடையாது. எழுதி முடித்தவுடன் உரிமை தானாக வருகிறது. இல்லாத பதிவேட்டுக்குக் கட்டணம் கட்டிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

வழக்கென்று போனால், நட்டத்தை நிரூபிக்காமலேயே ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளிவரை நீதிமன்றம் வழங்கலாம். வழக்கறிஞர் கட்டணத்தை யாரும் சொல்வதில்லை. என் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன், அது இதை விழுங்கிவிடும்.

முதலில் அந்த இளைஞருக்கே எழுதுங்கள். உங்கள் பாட்டு ஒலிக்கும் நிமிடம், விநாடியைக் குறித்து, பாடலாசிரியராக உங்கள் பெயரையும் வருமானத்தில் பங்கையும் கேளுங்கள். ஏஜெண்ட் மறுபடி அழைத்தால், வீட்டில் வைத்துப் படிக்க ஒப்பந்தத்தின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு அழைப்பு நின்றுவிடும்.